தக்காளி, கத்தரியில் வேர்முடிச்சு நூற்புழு: ரகம் தேர்வதிலிருந்து வேர் பிடுங்குவது வரை

உரம் வைத்தாயிற்று, தண்ணீரும் குறையில்லை. ஆனாலும் செடி நிமிர மாட்டேன் என்கிறது. உச்சி வெயிலில் துவண்டு கிடந்து, பொழுது சாய்ந்ததும் தெளிகிறது. வயல் முழுக்க ஒரே மாதிரி இல்லாமல் அங்கங்கே திட்டுத்திட்டாக மஞ்சள். இப்படிக் கண்டதும் நுண்ணூட்டக் கலவை வாங்கித் தெளிப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று தெளிப்புக்குக் காசு போனபின் யாராவது ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து, வேரெல்லாம் முடிச்சாக இருப்பதைச் சொல்வார்கள். அது மண்ணில் வாழும் வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அதற்குள் பாதிப் பயிர்க்காலம் முடிந்திருக்கும்.

முதன்முறையாகக் காய்கறி வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். நூற்புழுவுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, “எதிர்ப்பு ரகம் போடுங்கள்” என்பதுதான். அது சரியான அறிவுரை. ஆனால் எந்தப் புழுவுக்கு, எந்தப் பட்டத்தில், எந்த நாற்றில் அந்த எதிர்ப்பு வேலை செய்யும் என்று தெரியாமல் விதை வாங்கினால், கூடுதல் விலை கொடுத்தும் வேர் முடிச்சாகவே இருக்கும்.

1. முதலில் வேரைப் பாருங்கள்

செடியைக் கையால் இழுக்காதீர்கள். முடிச்சு விழுந்த வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மேலே வருவது நல்ல வேராகவே தெரியும். மண்வெட்டியால் ஓரடி ஆழம் கிளறி மண்ணோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் வைத்து மண்ணைக் கரைய விடுங்கள்.

வேரே பருத்து, மணி கோத்ததுபோல் வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றில் ஒரு குழப்பம் வரும். அவற்றின் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் நல்ல முடிச்சுகளும் இருக்கும். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். புழுவின் முடிச்சு வேரின் சதையே வீங்கியது. அதை வேரை அறுக்காமல் பிரிக்க முடியாது.

மண்ணில் இருக்கும் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது வேர் நுனி வழியாக உள்ளே போய் ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள செல்களைப் பெருக்க வைத்து அங்கேயே உறிஞ்சத் தொடங்கும். பெண் புழு பசை போன்ற ஒரு பொதியில் 200 முதல் 500 முட்டை வரை இடும். நம்மூர்ச் சூட்டில் ஒரு தலைமுறை 25 முதல் 30 நாள். ஐந்து மாதத் தக்காளியில் நான்கைந்து தலைமுறை ஓடிவிடும். அதனால்தான் நடும்போது கொஞ்சமாக இருந்த புழு, காய்ப்புக்கு வரும்போது வயலையே பிடித்துக்கொள்கிறது. முடிச்சு விழுந்த வேரில் வாடல் பூஞ்சையும் பாக்டீரியா வாடலும் எளிதாக நுழையும். வாடலுக்கு மட்டும் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் வேரையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2. மண் மாதிரி எடுத்து அனுப்புதல்

வேரில் முடிச்சு கண்ணுக்குத் தெரிந்தால் நூற்புழு இருக்கிறதா என்று அறியப் பரிசோதனை வேண்டாம். எந்த இனம் என்று அறியத்தான் வேண்டும். ரகத் தேர்வு அதைப் பொறுத்தது.

மாதிரி எடுக்கச் சரியான காலம், முந்தைய பயிரின் கடைசி அறுவடைக்குச் சற்று முன்பு. கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் எடுத்தால் எண்ணிக்கை குறைவாகக் காட்டி ஏமாற்றும். மேல்மண் ஓரங்குலத்தை ஒதுக்கிவிட்டு, செடியின் வேர்ப் பகுதியில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் வளைந்து வளைந்து நடந்து எடுங்கள். முற்றிலும் செத்த செடியின் அடியில் எடுக்காதீர்கள். உணவு தீர்ந்த இடத்தில் புழு குறைந்திருக்கும். மஞ்சளாகி உயிரோடிருக்கும் செடிதான் சரி. எல்லாவற்றையும் கலந்து, கால் கிலோ மண்ணும் ஒரு கைப்பிடி வேரும் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள்.

உரச்சத்துப் பரிசோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்புவோம். இங்கே அதைச் செய்யவே கூடாது. உலர்ந்தாலும் வெயிலில் வைத்தாலும் புழு செத்துவிடும், ஆய்வகம் “இல்லை” என்று எழுதும். வண்டியின் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு ஊர் சுற்றுவதும் இதே கதைதான். ஈரத்தோடு, நிழலில், ஓரிரு நாளில் கொண்டு சேருங்கள்.

பையோடு ஒரு சீட்டு: பெயர், ஊர், புல எண், எடுத்த தேதி, இப்போதைய பயிர், அதற்கு முந்தைய பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர். பென்சிலால் எழுதி, தனியாக ஒரு சின்னப் பையில் போட்டு இணையுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். போவதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: நூற்புழுப் பரிசோதனை செய்கிறீர்களா, இனம் கண்டு சொல்வீர்களா, கட்டணமும் நாளும் எவ்வளவு. சாதாரண மண் பரிசோதனை நிலையங்கள் பலவற்றில் நூற்புழு பார்க்கும் வசதி இருக்காது.

ஆய்வகம் தூரமென்றால் தொட்டிச் சோதனை செய்யலாம். வயல் மண்ணை நான்கைந்து தொட்டியில் நிரப்பி, எந்த எதிர்ப்பும் இல்லாத வெண்டையை விதைத்து, 35 நாளில் வேரைக் கழுவிப் பாருங்கள். இனம் தெரியாது, இருக்கிறதா, எவ்வளவு என்பது தெரிந்துவிடும். செலவு ஒரு பிடி விதைதான்.

3. தக்காளி: பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்

தக்காளியில் நூற்புழு எதிர்ப்பு என்றால் பெரும்பாலும் ‘எம்ஐ’ என்ற ஒரே மரபணுதான். காட்டுத் தக்காளி இனம் ஒன்றிலிருந்து வந்தது. நம் சமவெளியில் அதிகம் காணப்படும் இன்காக்னிட்டா, ஜவானிகா ஆகிய இரண்டு நூற்புழு இனங்களையும், அரினேரியா என்ற மூன்றாவது இனத்தையும் தடுக்கும். இளம்புழு வேருக்குள் நுழையும். ஆனால் அது உறிஞ்சத் தொடங்கும் இடத்துச் செல்கள் தாமாகவே செத்துப்போகும், புழு பட்டினி கிடந்து சாகும்.

நிறுவனங்களின் வீரிய ஒட்டு ரகங்களில் நோய் எதிர்ப்பை ஆங்கில எழுத்துகளில் போட்டிருப்பார்கள். ‘என்’ என்ற எழுத்து நூற்புழுவைக் குறிக்கும். சிலவற்றில் இனவாரியாக ‘எம்ஏ’ (அரினேரியா), ‘எம்ஐ’ (இன்காக்னிட்டா; இங்கே மரபணுவின் பெயர் அல்ல), ‘எம்ஜே’ (ஜவானிகா) என்று இருக்கும். பக்கத்தில் ‘எச்ஆர்’ என்றால் உயர் எதிர்ப்பு, ‘ஐஆர்’ என்றால் நடுத்தர எதிர்ப்பு. இந்த எழுத்து எதுவுமே இல்லாமல் கடைக்காரர் வாய்ச்சொல்லாக “நூற்புழு தாங்கும் சார்” என்றால் நம்பி வாங்காதீர்கள். தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு. தாங்கும் ரகம் காய் கொடுத்துவிடும், ஆனால் வேரில் புழுவையும் பெருக்கிவிட்டுப் போகும். அடுத்து வைக்கும் வெண்டையோ பாகலோ அந்த விலையைக் கொடுக்கும்.

பொதுத்துறை வெளியீடுகளில் ஹிசார் லலித், பஞ்சாப் என்ஆர் 7, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா வர்தன் ஆகியவை நூற்புழு எதிர்ப்புக்காகவே அறியப்பட்டவை. உள்ளூர் விதைக்கடையில் இவை கிடைப்பது அரிது. நிறுவனத்திடமே முன்கூட்டிக் கேட்டு வாங்க வேண்டும். வாங்குமுன் சந்தையையும் யோசியுங்கள். நூற்புழுவைத் தடுக்கும் ரகம் இலைச்சுருட்டு வைரஸையும் தடுக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கோடையில் வெள்ளை ஈ பெருகும் ஊரில் அந்த எதிர்ப்பு இல்லாத ரகம் வேர் நன்றாக இருந்தும் காய்க்காது.

ரசீதில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் (பாக்கெட்டில் உள்ள லாட் எண்) எழுதி வாங்குங்கள். காலிப் பாக்கெட்டைக் கிழித்தெறியாமல் கடைசிப் பறிப்பு வரை வைத்திருங்கள். விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க நேர்ந்தால் இந்த இரண்டும் இல்லாமல் பேச்சே எடுபடாது.

4. எதிர்ப்பு ரகம் தோற்கும் மூன்று இடங்கள்

முதலாவது, சூடு. தமிழ்நாட்டில் இதுதான் மிகப் பெரிய பொறி. எம்ஐ மரபணுவின் வேலை மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டும்போது தளரத் தொடங்கும். மண் நாட்கணக்கில் 32, 33 டிகிரியில் நின்றால் எதிர்ப்பு ரகமும் சாதாரண ரகமும் ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் நட்ட எதிர்ப்புத் தக்காளியில் முடிச்சு பார்த்துவிட்டு “விதை போலி” என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. விதையில் குற்றமில்லை, பட்டம்தான் தவறு.

நூற்புழு பிடித்த நிலத்தில் எதிர்ப்புத் தக்காளியை ஐப்பசி, கார்த்திகையில் நட்டுக் குளிர்காலத்தில் காய்க்க விடுவது நல்லது. முன்கூட்டியே நட வேண்டுமென்றால் மண்ணைக் குளிரவைக்க வழி பாருங்கள். கறுப்பு நிலப்போர்வை (மண்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்) மண்ணைச் சூடாக்கும். வெள்ளி நிறம் மேலே இருக்கும்படி விரிக்கும் ஷீட்டும், வைக்கோல், கரும்புச் சோகை மூடாக்கும் குறைக்கும். ஒரு மண் வெப்பமானி வாங்கி, செடி நிழலில் 10 செ.மீ. ஆழத்தில் பிற்பகல் 2 மணிக்கும் விடியற்காலையிலும் பாருங்கள். விடியற்காலையிலேயே 28-ஐ ஒட்டி நின்றால் அந்த வாரத்தில் நடாதீர்கள். இளநாற்றின் வேரில்தான் தாக்குதல் மிகுதியாகப் பாதிக்கும்.

இரண்டாவது, வேறு இனம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஹாப்லா என்ற இனம் உண்டு. கேரட்டைக் கிளை பிரியவைத்து, மயிர்வேர் முளைக்கவைத்து, விலையில்லாமல் செய்வதில் அதற்கும் பங்குண்டு. அதை எம்ஐ மரபணு தடுக்காது. சமவெளியில் கொய்யாத் தோட்டங்களைப் பாழாக்கும் என்டரோலோபி என்ற இனத்தையும் தடுக்காது. திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாவில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. கொய்யா பட்டுப்போன நிலத்திலோ, கொய்யாவுக்கு ஊடுபயிராகவோ காய்கறி வைப்பவர்கள், இனம் தெரியாமல் எதிர்ப்பு விதைக்குச் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது, அதே ரகத்தை அதே நிலத்தில் மாற்றாமல் வைப்பது. ஒரே மரபணுவை எதிர்த்து எதிர்த்து, அதை மீறும் புழுக்கள் மட்டும் தப்பிப் பெருகும். ஒரு பயிர் எதிர்ப்புத் தக்காளி, அடுத்தது புழுவுக்குப் பிடிக்காத பயிர் என்று மாற்றி வையுங்கள்.

5. கத்தரிக்குச் சுண்டைக்காய் ஒட்டு

கத்தரியில் தக்காளிபோல் நம்பி வாங்கும் எதிர்ப்பு ரகம் கைக்கு எட்டுவதில்லை. அதற்குப் பதில், சுண்டைக்காய்ச் செடியை அடிச்செடியாக்கி, விருப்பமான கத்தரியை மேலே ஒட்டுகிறார்கள். சுண்டையின் வேர் நூற்புழுவையும் பாக்டீரியா வாடலையும் நன்றாக எதிர்த்து நிற்கும். செடியும் ஒரு பருவத்தோடு நிற்காமல் கவாத்து செய்தால் நீண்ட நாள் காய்க்கும்.

செலவை முதலிலேயே கணக்குப் போடுங்கள். 90 செ.மீ.க்கு 60 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 7,400 செடி பிடிக்கும். ஒட்டு நாற்று சாதாரண நாற்றைவிட 5 ரூபாய் கூடுதலென்றால் 37,000 ரூபாய் அதிகம். 8 ரூபாய் கூடுதலென்றால் 59,000 ரூபாய்க்கு மேல். ஒட்டுச்செடி பரந்து வளர்வதால் இடைவெளியைக் கூட்டி நாற்று எண்ணிக்கையைக் குறைக்கலாம். நூற்புழுவோ வாடலோ இல்லாத நிலத்தில் இந்தச் செலவு வீண்.

நாற்றுப் பண்ணையில் இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சுண்டை விதை முளைக்க அடம்பிடிக்கும், முளைத்த பின்னும் மெதுவாக வளரும்; அதனால் கத்தரி விதைக்குச் சில வாரம் முன்பே அதை விதைக்கிறார்கள். ஒட்டிய பிறகு ஒரு வாரம் ஈரப்பதம் நிறைந்த கூடாரத்திலும், பின்பு வெளிக்காற்றுக்குப் பழக்கவும் நாள் போகும். கூடாரத்திலிருந்து நேராக வண்டியில் ஏற்றித் தருவதை வாங்காதீர்கள்.

நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் நாலு விரல் நிற்க வேண்டும். ஆழமாக நட்டாலோ, மண் அணைக்கும்போது மூடிவிட்டாலோ மேலே உள்ள கத்தரித் தண்டு தனக்கென்று வேர் விட்டுவிடும். அந்த வேர் வழியாகப் புழு உள்ளே போகும், ஒட்டுக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் முள்ளுள்ள, அகலமான இலை கொண்ட தளிர் சுண்டையுடையது. வாரம் ஒருமுறை கிள்ளி எறியுங்கள். விட்டால் கத்தரியை அமுக்கிவிடும்.

6. வெண்டை, பாகல், புடலை, வெள்ளரி

இவற்றில் நம்பத்தக்க எதிர்ப்பு ரகம் எதிர்பார்க்க வேண்டாம். வெண்டை மிக எளிதில் பாதிக்கப்படும். பந்தல் போட்டவர்கள் கல்தூணை நகர்த்த முடியாமல் அதே இடத்தில் பாகலுக்குப் பின் புடலை, புடலைக்குப் பின் பீர்க்கு என்று வைப்பதால் புழுவுக்கு ஆண்டு முழுக்கச் சாப்பாடு. பந்தல் நிலத்தில் வருடத்துக்கு ஒரு பருவமாவது கொடிக்காய் இல்லாமல் விட்டுச் சணப்பையோ செண்டுமல்லியோ நெருக்கமாக வையுங்கள். செண்டுமல்லியை வரப்போரம் நாலு செடி வைப்பதால் ஒன்றும் ஆகாது. புழு அதன் வேருக்குள் போய்த்தான் சாக வேண்டும். அதற்கு நிலம் முழுக்க வேர் பரவி, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். நடுவில் மணத்தக்காளி போன்ற களை முளைத்தால் புழு அதில் பிழைத்துக்கொள்ளும்.

நெல் வைக்க வசதியுள்ள நிலமென்றால் ஒரு போகம் நெல் நட்டுத் தண்ணீர் கட்டுவது மிக நல்ல மாற்று. காய்கறியைத் தாக்கும் புழு நீர் தேங்கிய மண்ணில் வெகுவாகக் குறையும்.

7. நாற்று வாங்கும்போது

புழு தானாக ஒரு பயிர்க்காலத்தில் ஒரு மீட்டர்கூட நகர்வது கடினம். புது நிலத்துக்கு அதைக் கொண்டு வருவது நாம்தான்: நாற்றின் வேரில், டிராக்டரின் கொழுமுனையில் ஒட்டிய மண்ணில், வாய்க்கால் நீரில்.

மேட்டுப்பாத்தி நாற்றைத் தவிர்த்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு நாற்றாக வாங்குங்கள். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். தட்டுகளை வெறும் தரையில் பரப்பியிருந்தால், அடித்துளை வழியாக வெளிவந்த வேர் மண்ணைத் தொட்டிருக்கும். மேடையிலோ ஷீட்டின் மேலோ வைத்திருக்கும் பண்ணையில் வாங்குங்கள். வண்டியில் ஏற்றுமுன் வெவ்வேறு தட்டுகளிலிருந்து பத்து நாற்றை உருவி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஒன்றில் முடிச்சு இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் விட்டுவிடுங்கள். முன்பணம் போனாலும் நிலம் மிஞ்சும்.

சொந்தமாகப் பாத்தி போடுவதென்றால் வெயிலேற்றம் செய்யுங்கள். ஒரு ஏக்கர் தக்காளிக்கு ஒரு சென்ட், அதாவது 40 சதுர மீட்டர் பாத்தி போதும். சித்திரையில் பாத்தியைக் கட்டியில்லாமல் உடைத்து, நன்றாக நனைத்து, 25 மைக்ரான் தெளிவான பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரமெல்லாம் மண் அணைத்து மூடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம். ஒன்றரைக் கிலோ ஷீட் ஆகும். கறுப்பு ஷீட் இதற்கு உதவாது. ஷீட்டில் கிழிசல் இருந்தால் அன்றே ஒட்டுங்கள். முழு ஏக்கருக்கும் செய்ய வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 கிலோ ஷீட். உங்கள் ஊர்க் கிலோ விலையால் பெருக்கிப் பார்த்து முடிவெடுங்கள். பெரும்பாலும் பாத்தியோடு நிறுத்துவதே கட்டுப்படியாகும்.

8. நிலத்தைத் தயார் செய்யும் நாள்கணக்கு

ஐப்பசி நடவு என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

மாசி, பங்குனியில் முந்தைய பயிர் முடியுமுன் மண் மாதிரி. பயிர் முடிந்ததும் வேரோடு அப்புறப்படுத்தல். சித்திரை, வைகாசியில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று கோடை உழவு. ஒவ்வொரு உழவும் புது மண்ணை வெயிலுக்குப் புரட்டும். ஆடி மழையில் சணப்பை விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழவு. ஆவணியில் நாற்றுக்கு முன்பதிவு. ஒட்டு நாற்றென்றால் இது கடைசி நேரம்.

புரட்டாசியில் வேப்பம்புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ, கடைசி உழவில். நடவுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டு மண் ஈரமாக இருக்க வேண்டும். நட்ட அன்று குழியில் போட்டால் அது மட்கும் சூட்டில் இளவேர் வெந்துவிடும்.

இதே நேரத்தில் உயிர்க் கட்டுப்பாட்டுப் பூஞ்சையும் தயாராக வேண்டும். பர்பியூரியோசிலியம் லிலாசினம் (பழைய பாக்கெட்டுகளில் பெசிலோமைசஸ் என்றிருக்கும்) நூற்புழுவின் முட்டையைத் தின்னும். ஒரு டன் நன்கு மட்கிய தொழுவுரத்துக்கு 2 கிலோ கலந்து, நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், வாரம் ஒருமுறை புரட்டி, 15 முதல் 20 நாள் பெருக்கிப் போடுங்கள். மட்காத சாணத்தில் கலந்தால் சூட்டில் பூஞ்சை செத்துப்போகும். வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள்; வெயில்படும் அலமாரியில் கிடந்த பாக்கெட்டில் உயிரே இருக்காது. போட்ட பிறகு அதே குழியில் பூஞ்சைக்கொல்லி ஊற்றாதீர்கள்.

நிலப்போர்வைக்குத் தோட்டக்கலைத் துறையில் மானியம் கேட்பதென்றால் ஷீட் வாங்குவதற்கு முன் விண்ணப்பம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் கையில் இருக்கட்டும். அடங்கலில் பயிர் ஏறாமல் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

9. ரசாயனம் எங்கே

புழு மிகுதியாக இருக்கும் நிலத்தில் எதிர்ப்பு ரகம் இல்லாத பயிர் வைத்தே தீர வேண்டுமென்றால் மட்டும். ஃபுளுயோபைரம், ஃபுளுயன்சல்போன் ஆகியவை நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் மருந்துகள். உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்ட அளவிலேயே பயன்படுத்துங்கள். ஃபுளுயன்சல்போன் நடவுக்கு முன் மண்ணில் இடுவது. நின்ற செடிக்குப் போட்டால் செடி பாதிக்கப்படலாம். வேர் முழுக்க முடிச்சான பின் எந்த மருந்தும் அந்த வேரைத் திரும்ப நல்லதாக்காது. ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தாலும் காய்கறி நிலத்தில் கால் வைக்க விடாதீர்கள்.

10. கடைசிப் பறிப்பன்று

தண்டை அறுத்துவிட்டு வேரை மண்ணில் விடுவதுதான் அடுத்த பயிருக்குப் புழு வளர்க்கும் வழி. அறுத்த பின்னும் வேர் சில வாரம் பச்சையாகவே கிடக்கும், முட்டை பொரிந்துகொண்டே இருக்கும். கடைசிப் பறிப்பு முடிந்த அதே வாரத்தில் வேரோடு தோண்டி, வயலுக்கு வெளியே வெயிலில் காயவைத்து எரியுங்கள். எருக்குழியிலோ வாய்க்கால் கரையிலோ போடாதீர்கள்.

எரிக்குமுன் வயலின் நாலு மூலையிலும் நடுவிலுமாக இருபது செடியின் வேரைக் கழுவி மதிப்பெண் போடுங்கள். முடிச்சே இல்லையென்றால் 0. ஒன்றிரண்டு இருந்தால் 1. மூன்றிலிருந்து பத்து வரை 2. முப்பது வரை 3. நூறு வரை 4. நூறுக்கு மேல் 5. எதிர்ப்பு ரகத்தில் சராசரி 1-ஐ ஒட்டி நின்றால் ரகம் வேலை செய்கிறது. 3-ஐத் தாண்டினால், நட்ட மாதத்தையும் மண் வெப்பத்தையும் முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் முடிச்சு மிகுந்திருந்தால், அந்த வேரோடு மண்ணையும் எடுத்து, ரகத்தின் பெயர், குவியல் எண் எழுதிய சீட்டோடு இனம் காண அனுப்புங்கள். பதில் வரும்வரை அதே ரகத்தை அந்த நிலத்தில் மறுபடி நட வேண்டாம்.